ஒன்று நாற்பது வண்டி

ரிசல்ட் தாளில் என் பெயருக்கு நேரே
மூன்று புள்ளி இரண்டு.
"பத்தாவது இருக்கணும், அடைக்கலம் அண்ணே"
என்றாள் ஜெசிந்தா.
மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்,
வசூல் குறைந்த நாளின் டிரிப் ஷீட்டைப் போல.

காரைக்குடி டிப்போ பலகையில்
ஒரு காலத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள்.
பிக்பாக்கெட். இடது புருவத்தில் வெட்டு.
டீ ஆறுவதற்குள் ஒரே ஒரு தடவை பார்த்தேன்.
ஆறு வருஷம் கழித்துக் கல்லல் நிறுத்தத்தில்
கூட்டத்தோடு கூட்டமாய் ஏறினான்.
கை தானாக விசிலை எடுத்துவிட்டது.

தடுப்பூசியும் அதுதான் என்கிறார் டாக்டர் ஷாகிரா.
கிருமி இல்லை, கிருமியின் படம்.
ரத்தம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.
என் ரத்தத்துக்கு நாலு தடவை காட்டினார்கள்,
மற்றவர்களுக்குப் போடுவதில் இரண்டு மடங்கு.
பார்த்துவிட்டு
யாரோ என்று விட்டுவிட்டது.

பக்கத்துக் கட்டில் உமையாளுக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு.
கோ-ஆப்டெக்ஸில் பில் போட்டவர்,
என்னைவிட ஒன்பது வயது மூத்தவர்.
அதே ஊசி, அதே ஜெசிந்தா.
"தள்ளுபடி கேட்டுட்டு வாங்காமப் போனவுக மொகம்கூட
எனக்கு மறக்காது" என்றார்.
சிரித்தேன். உள்ளே எரிந்தது.

ஏன் என்று கேட்டேன்.
டாக்டர் விரல் மடக்கினார்.
வயது. அதை என்ன செய்ய.
சர்க்கரை, பதினேழு வருஷமாக.
ஆல்புமின் இரண்டு புள்ளி எட்டு:
சோறு போடாமல் காவல் கேட்கிறீர்கள்.
நாலாவது விரலை மடக்காமல் பிடித்துக்கொண்டார்.
"மெஷின்ல எவ்வளவு நேரம் இருக்கீங்க?"

ஜெசிந்தா மெஷினைப் பார்த்தாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நாலு மணி நேரம் என்று எழுதியிருக்கும்.
மூன்றரையில் கழற்றச் சொல்லுவேன்,
வாரம் மூன்று நாளும்,
ஒன்று நாற்பது வண்டிக்காக.
அதை விட்டால் மூன்றே கால்தான்.
யூரியா மிதக்கிற ரத்தத்தில் வெள்ளையணுக்கள்,
ராத்திரி சர்வீஸ் முடித்துப் பகல் டூட்டியும் ஏறினவனாட்டம்,
கண்ணைத் திறந்துகொண்டே தூங்குமாம்.
அன்று ராத்திரி கூட்டிப் பார்த்தேன்.
கூட்டல் எனக்குத் தப்பாது.
வருஷத்துக்கு எழுபத்தெட்டு மணி நேரம்.

ஆவணியில் மறுபடி முதலிலிருந்து.
ஊசி வலது தோளில்.
இடது கை ஃபிஸ்டுலாவுக்குப் பட்டா போட்டாயிற்று;
ஸ்டார்ட் பண்ணி நிறுத்திய வண்டியாக
அது உதறிக்கொண்டே கிடக்கிறது.
புரட்டாசியில் முட்டை வாசல்படி ஏறக் கூடாது
என்றுவிட்டாள் பாக்கியம்.
ஆஸ்பத்திரி எதிர்க் கடையில்
மஞ்சளைக் காக்கைக்குப் போட்டுவிட்டு
வெள்ளையை மட்டும் விழுங்குவேன், திருடனாக.
நாலு மணி நேரமும் முழுசாகக் கிடந்தேன்.
ஒன்று நாற்பது ஹாரன் அடித்துக்கொண்டு போகும்.
எத்தனை பேரை
"அடுத்த வண்டியில வா" என்று இறக்கிவிட்டிருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு நடப்பவர்கள்
குன்றக்குடி ரோட்டை அடைத்த நாளில்
மூன்றே காலும் வரவில்லை.
பானகம் ஊற்றிக்கொண்டிருந்தவன் என்னிடமும் நீட்டினான்.
சர்க்கரை ஒரு கணக்கு, தண்ணீர் ஒரு கணக்கு.
உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.
அவன் முகம் சுருங்கியது.

பங்குனியில் வந்தது:
பதினொன்று புள்ளி நாலு.
"பாஸ்ண்ணே!"
"படிக்கட்டுல ஒத்தக் கால்" என்றேன்.
இதுவும் தேயும்,
வருஷா வருஷம் பார்க்கணும் என்றார் டாக்டர்.
எது பலித்தது? முட்டையா, அரை மணியா,
சும்மா இரண்டாம் தடவை என்பதாலா?
அவருக்கும் அறுதியாகத் தெரியவில்லை.
உமையாளிடம் சொல்லலாமென்றால்
மகன் வீட்டோடு மதுரைக்குப் போய்விட்டார்,
இருநூற்றுப் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு.

மூன்றே கால் வண்டியில் புதுக் கண்டக்டர்.
ஸ்டாஃப் என்றேன்.
ரிட்டையர்டு பாஸை நீட்டினேன்.
வாங்கி,
படத்தையும் என் முகத்தையும்
மாற்றி மாற்றிப் பார்த்தான்.